வீதியில் ஓடுவதா, மைதானத்தைச் சுற்றுவதா?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓர் ஓட்டம் நடத்தலாம் என்று கொழும்பில் ஒரு மாணவர் குழு கூடினால், முதலில் பேசப்படுவது டீ சேர்ட்டின் நிறம். அடுத்து, காலிமுகத்திடலா சுதந்திர சதுக்கமா என்ற வாக்குவாதம். பணம் எந்த வழியில் வரும், வந்த பணம் யார் கைக்குப் போகும் என்பவை நாலாவது கூட்டத்தில்தான் தலைகாட்டும். அதற்குள் அச்சகத்துக்கு முற்பணம் கொடுத்தாகியிருக்கும். பழைய மாணவன் என்ற முறையில் இத்தகைய கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவன் நான். வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் என் யோசனை. பணம் போகும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்; வரும் வழியை அடுத்துப் பாருங்கள். மைதானமா வீதியா என்பது அதன்பின் ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும்.

ஆராய்ச்சி என்று சொன்னால் ஆராய்ச்சிக்கே

கொழும்பில் புற்றுநோய் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது மகரகம. அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளர்கள் அங்கே வருகிறார்கள். ஆகவே "மகரகமவுக்கே கொடுத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் கூட்டத்தில் மறுபேச்சு இராது. கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மருந்துக்கும் கட்டிலுக்கும் கொடுப்பது நோயாளர் பராமரிப்பு. ஆராய்ச்சி வேறு. நன்கொடைத் தாளில் "ஆராய்ச்சிக்கு" என்று அச்சடித்துவிட்டு, கடைசியில் பத்துச் சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால் கொடுத்தவர் எவரும் சண்டைக்கு வரமாட்டார். அதற்காக அது சரியாகிவிடாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவது இன்னொரு தெரிவு. பிரித்தானியாவின் கேன்சர் ரிசர்ச் யூகே, கனடாவின் டெரி ஃபொக்ஸ் அறக்கட்டளை போன்றவற்றில் கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கும். பணம் ஆய்வுக்குத்தான் போகும். சிக்கல் நம் பக்கத்தில் இருக்கிறது. ரூபாவாகச் சேர்த்ததை வெளிநாட்டு நாணயமாக்கி அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் விடயம். வங்கி கேட்கும் காகிதங்களைத் திரட்டுவதே ஓர் ஓட்டப் பந்தயம். கொட்டாஞ்சேனையில் ஐந்நூறு ரூபா கொடுத்த கடைக்காரர் "இது ஏன் தம்பி லண்டனுக்கு?" என்று கேட்டால் பதில் சொல்வதும் கடினம். வெளிநாட்டு அமைப்பொன்றோடு ஏற்கெனவே தொடர்புள்ள சர்வதேசப் பாடசாலைகளைத் தவிர மற்றவர்கள் இதை விட்டுவிடலாம்.

மிஞ்சுவது உள்நாட்டு ஆராய்ச்சி. இங்கேதான் மாணவர்கள் தயங்குகிறார்கள்: ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் வேண்டும், நம்முடைய இரண்டு மூன்று இலட்சம் எந்த மூலைக்கு என்று. எல்லா ஆராய்ச்சியும் அப்படியல்ல. இலங்கைப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கிய காரணம். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கிராமங்களில் வேலை செய்யும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், வாயில் தெரியும் ஆரம்ப மாற்றங்களை அவர்களே கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்ப முடியுமா என்று 1980களில் இலங்கையில் ஆராய்ந்தார்கள். முடியும் என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட ஆய்வுக்கு வேண்டியவை பயிற்சி, படிவம், பயணச் செலவு, பொறுமை. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மாணவர் ஓட்டத்தில் சேரும் தொகை இந்த அளவுக்குப் பொருத்தமானது.

யாரிடம் போவது? கொழும்பிலேயே கின்சி வீதியில் மருத்துவ பீடம் இருக்கிறது. 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்தது. வாய்ப் புற்றுநோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் அத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளது. துறைத் தலைவருக்கு அதிபரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் எழுதி நேரில் போய்க் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வு எது, அதில் பணம் போதாமல் நிற்கும் பகுதி எது, பணத்தைப் பல்கலைக்கழக நிதியாளர் ஊடாக எந்தக் கணக்கில் செலுத்துவது. தனி ஆராய்ச்சியாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பாதி பராமரிப்புக்கு, பாதி ஆராய்ச்சிக்கு என்று பிரிப்பதும் கெட்ட யோசனை இல்லை. கொழும்பில் பலருடைய வீட்டில் மகரகம அனுபவம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு ஆய்வுகூடத்தைவிட வார்ட்டுதான் மனதுக்கு நெருக்கம். பிரிக்கும் விகிதத்தை நன்கொடைத் தாளிலேயே அச்சடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பதிவுக் கட்டணமா, சுற்றுக்கு இவ்வளவா

முழுத் தீர்மானமும் உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும். பதிவுக் கட்டணம் வாங்குவது, டீ சேர்ட் கொடுப்பது, முடிவுக்கோட்டில் பதக்கம் போடுவது, செலவை அனுசரணையாளர் தலையில் கட்டுவது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர், தலைக்கு 1,500 ரூபா என்றால் 450,000 ரூபா வரும். டீ சேர்ட்டுக்கு 1,100, பதக்கத்துக்கு 250, தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்கும் 150 என்று வைத்தால் வந்ததெல்லாம் போய்விட்டது. ஒலிபெருக்கிக்கும் பதாகைக்கும் இனிமேல்தான் தேட வேண்டும். ஆக, ஆராய்ச்சிக்குப் போவது அனுசரணையாளர் கொடுத்ததில் மிஞ்சியது மட்டுமே. ஓடிய 300 பேரும் தங்களுக்கே ஒரு டீ சேர்ட் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு. விலைகளை இன்றைய நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போக்கு பெரிதாக மாறாது.

அனுசரணைக்கு இன்னொரு முகமும் உண்டு. புகையிலை, மதுபான நிறுவனங்களின் அனுசரணையை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. அது பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆனால் மற்ற நிறுவனங்களும் சும்மா தருவதில்லை. முதுகில் இலச்சினை, மேடையில் பதாகை, பரிசளிப்பில் முகாமையாளரின் உரை. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் பிரதம அதிதிக்காக ஏழேகால் வரை நிற்பதைக் கொழும்பில் பார்க்காதவர் யார்?

மற்ற முறையில் பதிவுக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உற்றார் உறவினரிடம் போகிறார். "நான் ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" தாளில் பெயர், சுற்றுக்கு இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, கையொப்பம். அம்மம்மா இருபது ரூபா என்று எழுதுவார். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் பெரியப்பா, இவன் எங்கே மூன்று சுற்றுக்கு மேல் ஓடப்போகிறான் என்ற நம்பிக்கையில் ஐந்நூறு என்று எழுதுவார். பையன் பதினாறு சுற்று ஓடிவிட்டு வந்து நிற்பான். அதிகபட்சம் என்ற பத்தி பெரியப்பாக்களைக் காப்பாற்றுவதற்கே இருக்கிறது.

அதே 300 பேர், தலைக்கு ஐந்து ஆதரவாளர்கள், சுற்றுக்கு இருபது ரூபா, பன்னிரண்டு சுற்று என்று போட்டால் 360,000 ரூபா. செலவு தண்ணீர், தாள், முதலுதவி. பதக்கம் இல்லை. டீ சேர்ட் வேண்டுமென்றால் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய டீ சேர்ட்டே போதும். நான்கு நிறங்களில் மைதானம் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. டெரி ஃபொக்ஸ் ஒரு காலைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, செயற்கைக் காலுடன் 1980 ஏப்ரல் 12ஆம் திகதி கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கியவர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1ஆம் திகதி நிறுத்த வேண்டி வந்தது; மறு ஆண்டு ஜூனில் காலமானார். கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் என்பதே அவர் கேட்டது. தன் ஓட்டத்தைக் காட்டி எந்த நிறுவனமும் விளம்பரம் தேடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் பெயரில் 1981 முதல் நடக்கும் ஓட்டங்களில் பதிவுக் கட்டணம் இல்லை, வெற்றியாளரும் பரிசும் இல்லை. பிரித்தானியாவில் கேன்சர் ரிசர்ச் யூகேயின் 'ரேஸ் ஃபோர் லைஃப்' 1994இல் லண்டன் பட்டர்சீ பூங்காவில் 680 பெண்களோடு தொடங்கியது. அங்கும் பணம் வருவது ஓடுபவர் தெரிந்தவர்களிடம் சேர்க்கும் நன்கொடையில்தான்.

கொழும்புத் தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு தனி வசதியும் இருக்கிறது. கனடாவில் படிக்கும் மச்சான் மச்சாள்மார் செப்டம்பர் தோறும் பாடசாலையில் டெரி ஃபொக்ஸ் ஓட்டம் ஓடுபவர்கள். ஸ்காபரோவில் இருக்கும் மாமாவிடம் தாளைப் படம் பிடித்து அனுப்பினால் இது என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை அல்ல. வாக்களித்த பணத்தை ஓட்டத்துக்குப் பிறகு போய் வசூலிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் அப்போது கதிர்காமத்தில் இருப்பார்கள், சிலர் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். ஆகவே வசூலுக்கு இரண்டு வாரம் என்று கெடு வையுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் வகுப்புக்கு ஒன்று, பொறுப்பாக ஓர் ஆசிரியர். பெரிய தொகைகள் மாணவர் கைக்கே வராமல் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கணக்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலோ பழைய மாணவர் சங்கத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். பொருளாளர் மாணவனின் பெயரில் ஒருபோதும் கூடாது.

இடம்

காலிமுகத்திடலின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. கடற்காற்று, சூரியன் ஏறும் நேரம், படம் நன்றாக வரும். ஆங்கிலேயர் காலத்தில் குதிரைப் பந்தயமே ஓடிய இடம். ஆனால் திடலின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து முறை. நிழல் என்று ஒன்றும் இல்லை. காலை நடைக்கு வருபவர்களும் பட்டம் விடும் குழந்தைகளும் அதே பாதையில்தான். திடலுக்குப் பொறுப்பான நிறுவனம், பொலிஸ், மாநகர சபை என்று அனுமதிக்கு அலைய வேண்டியதும் உண்டு.

சுதந்திர சதுக்கம் ஓடுவதற்கு இதைவிட நல்லது. மரங்கள் உண்டு, ஓடுபாதை உண்டு. காலை ஆறு மணிக்கு அங்கே ஏற்கெனவே பாதிக் கொழும்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் தொல்லை. இருபது பேரின் பயிற்சிக்கு அருமையான இடம். முந்நூறு பேரோடு போனால், தினமும் நடக்க வரும் முதியவர்களின் வசவைத்தான் சம்பாதிப்பீர்கள்.

வெள்ளவத்தைக்காரர்கள் மரைன் டிரைவைச் சொல்வார்கள். வீட்டுக்கு அருகே, ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும், ஞாயிறு அதிகாலையில் வாகனமும் குறைவு. ஆனால் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒவ்வோர் ஒழுங்கையும் அந்த வீதியில் வந்து விழுகிறது. இராமகிருஷ்ண வீதி முனையில் ஒருவர், ஸ்டேஷன் வீதி முனையில் ஒருவர் என்று ஒவ்வொரு வாயிலிலும் கொடியோடு தொண்டர் நிற்க வேண்டும். பால் வாங்கப் புறப்பட்ட முச்சக்கரவண்டிக்காரரிடம் "ஐயா, ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்று சிங்களத்திலும் தமிழிலும் கெஞ்சத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். அவ்வளவு தொண்டர்களை நிறுத்திவிட்டால் ஓடுவதற்கு யார் மிஞ்சுவார்கள்?

சுற்றுக் கணக்கில் பணம் சேர்ப்பதென்றால் பாடசாலை மைதானமே போதும். வீதி மூட வேண்டாம், வாகனப் பயம் இல்லை. மயங்கி விழுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். வீதி ஓட்டத்தில் கடைசியாக வரும் மாணவி எங்கே என்று தெரியாமல் தவிக்கும் நிலை இங்கே இல்லை. 400 மீற்றர் சுற்று இருந்தால் பன்னிரண்டரைச் சுற்று ஐந்து கிலோமீட்டர். கொழும்புப் பாடசாலைகள் பலவற்றின் மைதானம் அதைவிடச் சிறியது, அதனாலும் குறையில்லை. அளந்து சொல்லிவிட்டால் சரி. சுற்றை எண்ணுவதற்குக் கணினி தேவையில்லை. தொடக்கக் கோட்டில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு றப்பர் வளையத்தை மாட்டிவிட வேண்டும். எட்டாவது சுற்றில் மணிக்கட்டு நிறைந்த வளையங்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். முடிவில் வளையத்தை எண்ணித் தாளில் எழுதி, ஆசிரியர் கையொப்பமிட்டால் கணக்கு முடிந்தது. ஓட முடியாதவர் நடக்கலாம். நடந்த சுற்றுக்கும் அதே காசுதான்.

நடப்பது என்றதும், நம்மவர்களுக்குப் பழகிப்போன நடைபவனியையும் சொல்ல வேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 'டிரெய்ல்' என்ற பெயரில் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டி வைத்தியசாலைக்குத் திரட்டினார்கள். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் நாடே திரும்பிப் பார்க்கும். பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு பாண்ட் வாத்தியத்தோடு நடந்தால் காலி வீதி பஸ் சாரதிகள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். விழிப்புணர்வுக்கு நடைபவனி நல்லது. பணத்துக்கு அது சுற்று ஓட்டத்துக்கு ஈடாகாது.

நாள்

உலகப் புற்றுநோய் தினம் பெப்ரவரி 4. அன்றே நடத்துவோம் என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் சொல்வார். அது நம் சுதந்திர தினமும்கூட. தேசிய விழா காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ நடக்கும் ஆண்டுகளில், ஒத்திகைக்காகச் சில நாட்களுக்கு முன்பே சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள். பொலிஸாருக்கும் அப்போது உங்களுக்காக ஒதுக்க ஆள் இராது. ஆனால் பெப்ரவரி மாதத்தை விட்டுவிடாதீர்கள். ஜனவரியும் பெப்ரவரியும்தான் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்காக மாணவர்கள் பயிற்சியில் இருப்பதும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதும் அப்போதுதான். 4ஆம் திகதிக்கு அடுத்த அல்லது அதற்கடுத்த ஞாயிறு பொருத்தமானது. மார்ச்சுக்குத் தள்ளினால் பெரும் கிரிக்கெட் போட்டிகளின் ஆரவாரத்தில் உங்கள் ஓட்டம் காணாமற் போய்விடும். அந்தப் பருவத்தில் பெற்றோரின் பணப்பையும் மெலிந்திருக்கும்.

ஒக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் பெண்கள் பாடசாலைகள் அதை விரும்புகின்றன. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் மழை அதிகம்தான். ஆனால் அது பெரும்பாலும் பிற்பகல் இடியோடு கொட்டும் மழை. அதிகாலையில் தப்பித்துக்கொள்ளலாம், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் இல்லாதவரை. மே, ஜூன் வேண்டவே வேண்டாம்.

போயா தினத்தில் எல்லோருக்கும் விடுமுறைதான், ஆனால் பௌத்த மாணவர்கள் விகாரைக்குப் போகும் நாளில் ஒலிபெருக்கி வைத்து ஓடுவது அழகில்லை. சனிக்கிழமையைத் தனியார் வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறிப் பாடசாலையும் உண்டு என்பதால் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலும் அதற்குமேல் விடாது. ஈரப்பதம் நிறைந்த கொழும்புக் காற்றில் எட்டு மணிக்குப் பிறகு ஓடுவது பதினைந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பாரம். பெற்றோரின் சம்மதக் கடிதம், செஞ்சோன் அம்புலன்ஸ் முதலுதவியாளர்கள், வாயிற்காவலரிடம் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் எந்தக் கதவால் வர வேண்டும் என்ற அறிவுறுத்தல் ஆகியவற்றை ஒரு நாளும் தவறவிடக்கூடாது.

வீதி ஓட்டத்தை நான் ஒதுக்காத சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு. பல பாடசாலைகளோ பல்கலைக்கழகச் சங்கங்களோ ஒன்றுசேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வருவதாக இருந்தால் ஒரு மைதானம் கொள்ளாது. அப்போது மரைன் டிரைவைக் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு முன்பே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். செலவை ஏற்கும் பழைய மாணவர் சங்கத்தை முதலில் பிடியுங்கள். அப்போதும் கையில் அந்தத் தாளோடுதான் ஓட வேண்டும். சுற்றுக்குப் பதிலாகக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டால் சரி.